அணித்தலைவன் கடன்

ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட வாரம் வந்துவிட்டால், கொழும்பிலும் கண்டியிலும் சில வீடுகளில் உணவு வேளையிலுங்கூட வேறு பேச்சு எழுவதில்லை. தந்தையார் தாம் ஆடிய காலத்தை நினைவுகூர்வார். தமையன் சென்ற ஆண்டு நேர்ந்த தவற்றை எடுத்துக் காட்டுவான். விளையாட்டின் விதி ஒன்றையேனும் அறியாத பாட்டியாரும், பேரனின் கல்லூரி வெல்ல வேண்டுமென்று விளக்கேற்றுவார். கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் பிரட்பி கேடயத்துக்காக றகர் ஆடும் வாரம் அது. அவ்வாரத்தில் இரு கல்லூரிகளிலும் மிகக் குறைவாக உறங்குபவர் இருவர். அவர்களே இரு அணிகளின் தலைவர்கள்.

றகர் விளையாட்டு ஆங்கிலேயத் தோட்டத்துரைமாரோடும் வணிகரோடும் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. அதனைப் பாடசாலை மாணவருக்கு முதலிற் பயிற்றிய பெருமை, 1891 இல் கண்டியிலே கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவிய எல். ஈ. பிளேஸ் அவர்களைச் சாரும். 1906 இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவமும் எதிர்த்து ஆடியதே பாடசாலைகளுக்கிடையே நடந்த முதற் போட்டி. றோயலும் திரித்துவமும் 1920 இல் முதன்முறையாகச் சந்தித்தன. 1945 இல், றோயல் கல்லூரியின் அதிபர் ஈ. எல். பிரட்பி அவர்கள் ஒரு கேடயத்தை வழங்க, அன்று முதல் அவர் பெயராலேயே இப்போட்டி வழங்கி வருகின்றது. தமிழருக்கும் இவ்விளையாட்டு அந்நியமன்று. றோயல் கல்லூரியிற் பயின்ற சும்மா நவரத்தினம் அவர்கள், 1950 இல் பிரித்தானிய லயன்ஸ் அணி கொழும்புக்கு வந்தபோது, அதனை எதிர்த்து இலங்கை அணியில் ஆடியவர்.

பிரட்பி கேடயத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஆண்டுதோறும் இரு போட்டிகள். ஒன்று கொழும்பிலே, மற்றொன்று கண்டியிலே. இரண்டிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தே வெற்றி தீர்மானிக்கப்படும். முதற் போட்டியில் 6 புள்ளிகளால் தோற்ற அணி, இரண்டாம் போட்டியில் 5 புள்ளிகளால் வென்றாலும் கேடயத்தை இழந்து நிற்கும். அன்றைய ஆட்டத்தில் வென்றவர் தலைகுனிந்து செல்ல, தோற்றவர் கேடயத்தை உயர்த்திப் பிடிக்கும் காட்சியும் நேரக்கூடும். ஆதலால் இரண்டாம் போட்டிக்கு முந்திய நாட்கள், முதற் போட்டிக்கு முந்திய நாட்களைப் போன்றவையல்ல. அணித்தலைவன் சுமக்கும் கணக்கிலே, நடந்து முடிந்தவையும் சேர்ந்து நிற்கின்றன.

அவன் செய்யும் வேலைதான் யாது? அணியில் 15 பேர். பந்துக்காகத் தோளோடு தோள் பிணைந்து தள்ளுவோர் 8 பேர். அவர்கள் பெற்றுக் கொடுக்கும் பந்தைக் கைமாற்றி ஓடுவோர் 7 பேர். ஆட்டம் தொடங்கிவிட்டால் பயிற்றுநர் கோட்டுக்கு வெளியே நிற்பவர். மத்தியஸ்தரோடு அணியின் சார்பிற் பேசும் உரிமை தலைவனுக்கே உரியது. எதிரணி தவறிழைத்துத் தண்ட உதை கிடைக்கும்போது, கம்பங்களுக்கிடையே உதைத்து 3 புள்ளிகளை நாடுவதா, அன்றிப் பந்தைப் பக்கக் கோட்டுக்கு வெளியே உதைத்து, அங்கிருந்து முன்னேறி, ட்றை ஒன்றுக்குரிய 5 புள்ளிகளை நாடுவதா என்று அவன் நொடிப்பொழுதில் முடிவு செய்ய வேண்டும். காண்போர் கண்ணுக்குத் தெரியும் தலைமை இதுவே. ஆயினும் ஒரு தலைவனின் தகுதி பெரும்பாலும் போட்டிக்கு முன்னரே, எவரும் காணாத இடத்திலே அளக்கப்பட்டு விடுகின்றது.

இத்தகைய தலைவன் ஒருவனை மனக்கண் முன் நிறுத்திப் பார்ப்போம். அவன் எக்கல்லூரியைச் சேர்ந்தவன் என்பது இங்கு வேண்டாதது. அவன் நிலை எவருக்கும் வரக்கூடியது. முதற் போட்டியில் அவன் அணி 6 புள்ளிகளாற் பின்தங்கிவிட்டது. இரண்டாம் போட்டி சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமைப் பயிற்சியிலே, அவனுடைய உற்ற நண்பன், எதிரே ஓடி வந்தவனைத் தடுக்கப் பாய்ந்தபோது, அவனுடைய முழங்காலிலே தலை மோதி விழுந்தான். உடனே எழுந்தும் நின்றான். மண்ணைத் தட்டிவிட்டுச் சிரித்தான். பயிற்றுநர் அப்போது மைதானத்தின் மறுகோடியில் நின்றார். ஆனால் அடுத்த பத்து நிமிடங்களில், நூறு முறை பழகிய ஓர் ஆட்டமுறையை அந்த நண்பன் இருமுறை மறந்து போனதைத் தலைவன் கவனித்துவிட்டான்.

அன்று மாலை, சப்பாத்துகளைக் கழற்றிக் கொண்டிருக்கையில், நண்பன் மெல்லச் சொன்னான்: "தலை கொஞ்சம் வலிக்கிறது. சேருக்கு மட்டும் சொல்லாதே, மச்சான்."

இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இது நண்பனின் இறுதியாண்டு. மகனின் ஆட்டத்தைக் காணவென்று அவன் தந்தையார் வெள்ளிக்கிழமை இரவு புகையிரதத்திலே யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட இருக்கிறார். இனி ஓர் ஆண்டு இல்லை. இன்னொரு போட்டியும் இல்லை. மேலும், கம்பங்களுக்கிடையே பந்தைத் தவறாது உதைக்க வல்லவன் அணியில் அவன் ஒருவனே. 6 புள்ளிகளை ஈடு செய்ய வேண்டிய நாளிலே அவன் இல்லையெனின், கேடயமும் இல்லை என்றே பலர் சொல்வர். சொல்லாதிருந்தால் எவர் அறியப் போகிறார்?

இவ்விடத்திலே மருத்துவம் கூறுவதைக் கேட்க வேண்டும். தலையில் அடிபட்டவன் மயங்கி விழுந்தாற்றான் மூளை அதிர்ச்சி உண்டாகும் என்பது தவறான எண்ணம். மயக்கமே இன்றியும் அது நேரும். தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், மறதி, தடுமாற்றம் என்பன அதன் அறிகுறிகள். வளரும் பருவத்தினரின் மூளை அதிலிருந்து தேற, வளர்ந்தோரைவிடக் கூடுதலான காலம் எடுக்கக்கூடும். அது தேறுமுன் இன்னோர் அடி படுமாயின், அரிதாகவேனும் மூளை வீங்கி உயிருக்கே தீங்கு நேரலாம். 2011 இல் வட அயர்லாந்திலே, பாடசாலை றகர் போட்டியொன்றில் 14 வயது மாணவன் ஒருவன் தலையில் அடிபட்ட பின்னரும் தொடர்ந்து ஆடினான், மீண்டும் அடிபட்டு வீழ்ந்தான், பின்பு எழவேயில்லை. அதன் பின்னர்ப் பல நாடுகளில் இது பற்றிய விழிப்பு மிகுந்தது. ஐயம் எழுந்தாலே ஆட்டக்காரனை வெளியேற்ற வேண்டும். அவன் ஓய்வெடுத்து, மருத்துவரின் அனுமதியோடு படிப்படியாகவே மீள வேண்டும் என்பதே இன்று உலகெங்கும் இவ்விளையாட்டை நடத்துவோர் வலியுறுத்தும் நெறி. செவ்வாய்க்கிழமை அடிபட்டவனுக்குச் சனிக்கிழமை ஆட்டம் இல்லை.

இவ்வளவும் அத்தலைவன் அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை. நண்பன் நலமாக இல்லை என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். அதுவே போதும். வாக்குக் கொடுத்து மறைப்பது நட்பென்று தோன்றும். ஆனால், நண்பன் எல்லை கடக்கும்போது முன்சென்று இடித்துரைப்பதற்கே நட்பு என்றல்லவா வள்ளுவர் வகுத்தார்? தலைவன் புதன்கிழமைக் காலையில் முதலில் நண்பனிடமே சென்று, "நீ சொல், இல்லாவிட்டால் நான் சொல்ல வேண்டிவரும்" என்கிறான். நண்பன் முகத்தைத் திருப்பிக் கொள்கிறான். முதலாம் மணி அடிப்பதற்குள் தலைவன் பயிற்றுநரின் அறை வாயிலில் நிற்கிறான்.

இச்செயலுக்கு உடனே கிடைக்கும் பரிசு எதுவும் இல்லை. நண்பன் சில நாள், ஒருகால் சில மாதமும், பேசாதிருக்கலாம். அணி தோற்றுவிட்டால், தலைவனின் முடிவாலேயே தோற்றதென்று பழைய மாணவர் சிலர் குறை கூறலாம். இடம் பெறும் புதியவன் பயந்து நடுங்கலாம். அவனுக்குத் தைரியம் ஊட்டும் வேலையும் தலைவனுடையதே. இவ்வளவையும் முன்னரே எண்ணிப் பார்த்து, எண்ணிய பின்னும் அந்த வாயிலை நோக்கி நடப்பவனே தலைவன்.

ஆயினும் இப்பாரம் முழுவதையும் 18 அல்லது 19 வயது இளைஞன் ஒருவனின் தோளிலே சுமத்திவிட்டு நாம் கை கழுவுதல் முறையாகாது. ஒரு மாணவன் தன் தலைவலியைச் சொல்ல அஞ்சுகின்றான் எனின், அவ்வச்சத்தை விதைத்தவர் யார்? வெற்றியைத் தவிர வேறொன்றையும் விசாரியாத பெற்றோர், பரிசுகளை முன்கூட்டியே அறிவிக்கும் பழைய மாணவர், வலியைத் தாங்குவதே வீரம் என்று போதிக்கும் ஆசிரியர் ஆகிய நாம் அனைவரும் அதிற் பங்காளிகள். தந்தையார் அவ்விரவுப் புகையிரதத்தில் வரட்டும். கோட்டுக்கு வெளியே மகனோடு ஒரே வாங்கில் அமர்ந்து ஆட்டத்தைப் பார்க்கட்டும். தாம் மகனைக் காணவே வந்தவர், அவனுடைய ஆட்டத்தை மட்டும் காண வந்தவரல்லர் என்பதை அந்த ஒரு மணி நேரம் சொல்லாமற் சொல்லிவிடும்.

நேயர்களே, இவ்விரு கல்லூரிகளின் குறிக்கோள் வாசகங்களும் இலத்தீன் மொழியில் அமைந்தவை. கற்றுக்கொள், அன்றேல் அகன்று போ என்பது றோயலின் வாசகம். முடிவை நோக்கு என்பது திரித்துவத்தின் வாசகம். கேடயம் ஓராண்டு ஒரு நகரிலும் மற்றோராண்டு மற்றொரு நகரிலும் இருக்கும். முடிவு என்பது சனிக்கிழமை மாலை அடிக்கும் விசிலன்று. அந்த 15 பேரும், இடம் இழந்த அந்த ஒருவனும், நாற்பது ஆண்டுகளின் பின் நரைத்த தலையோடு அதே மைதானத்தின் ஓரத்தில் நலமாகக் கூடி நின்று, தம் பேரப்பிள்ளைகளின் ஆட்டத்தைக் காண்பார்களே, அதுவே முடிவு. அம்முடிவை நோக்கி அணியை நடத்துவதே அணித்தலைவனின் கடன்.