தள்ளினாலும் போகாத அறிவிப்பு

போனில் பாட்டு ஓடும்போது திரையை மேலிருந்து இழுத்தால் அங்கே ஒரு பட்டை உட்கார்ந்திருக்கும். வி.பி.என். போட்டால் இன்னொன்று. நடையை அளக்கும் ஆப் வைத்திருந்தால் மூன்றாவது. மற்ற நோட்டிஃபிகேஷன்களை விரலால் ஒதுக்கினால் போய்விடும். ஆண்ட்ராய்டு போன்களில் இந்த வகை மட்டும் பல வருடங்களாக அசையவே இல்லை. ஆப் செய்தவர்களின் அடாவடி என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் இது ஆண்ட்ராய்டே போட்ட சட்டம், அதுவும் நமக்குக் காவலாக. அந்தக் காவல் எப்படித் தொல்லையாக மாறியது என்று இன்றைக்குப் பார்ப்போம்.

2008. முதல் ஆண்ட்ராய்டு போனான எச்.டி.சி. டிரீம் வந்த வருடம். அதில் இருந்த ரேம் 192 எம்.பி. மட்டும்தான். அன்றைக்குப் போன் தயாரிக்கிற எல்லோருக்கும் ஒரே தலைவலி: ஒரு ஆப்பை விட்டு நாம் வெளியே வந்த பிறகும் அது பின்னால் வேலை செய்யலாமா, கூடாதா?

கூடாது என்றது ஆப்பிள். 2008 ஜூனில் நடந்த மாநாட்டில் ஆப்பிள் அதிகாரி ஸ்காட் ஃபோர்ஸ்டால் மேடையேறி, பின்னணியில் ஓடும் ஆப்கள் பேட்டரியைத் தின்றுவிடும், அதற்குப் பதிலாக எங்கள் சர்வர் வழியாகச் செய்தி தள்ளிவிடுகிறோம் என்றார். செப்டம்பரில் தருவதாகச் சொன்னார்கள். வந்ததோ 2009 ஜூனில், ஐபோன் ஓ.எஸ். 3.0 உடன். தாமதமானாலும் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். அறிவிப்பு அனுப்பட்டுமா என்று ஒவ்வொரு ஆப்பும் முதலில் உங்களைக் கேட்டாக வேண்டும் என்று தொடக்கத்திலேயே வைத்துவிட்டார்கள்.

ஆண்ட்ராய்டு, ஓடிக்கொள் என்றது. ஆனால் ரேம் போதவில்லை என்றால் பின்னால் ஓடுகிற ஆப்பை சிஸ்டம் நிறுத்திவிடும். பாட்டு பாதியில் நின்றால் யாருக்குப் பொறுக்கும்? அதனால், ‘நான் முக்கியமானவன், என்னை நிறுத்தாதே’ என்று ஆப் சொல்லிக்கொள்ள ஒரு கட்டளையையும் கொடுத்தார்கள். கொடுத்தால் என்ன ஆகும்? பாட்டு ஆப் மட்டுமா சொல்லும், கண்டவையெல்லாம் சொல்லின. 2009 கடைசியில் வந்த ஆண்ட்ராய்டு 2.0-இல் அந்தக் கட்டளையைச் செல்லாக்காசு ஆக்கிவிட்டு, புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அந்தச் சலுகை வேண்டுமென்றால், கூடவே ஒரு அறிவிப்பையும் திரையில் வைக்க வேண்டும். ஆப் ஓடுகிறவரை அதுவும் இருக்கும்; விரலால் தள்ள முடியாது. வண்டி ஓடினால் மீட்டரும் பயணியின் கண்ணெதிரே ஓட வேண்டும் என்கிற மாதிரி. (ஆட்டோ மீட்டரை நினைத்துச் சிரிக்காதீர்கள், கதை அங்கேதான் போகிறது.)

ஆப் செய்பவர்கள் சீக்கிரமே மீட்டரை மறைக்கும் வித்தையைக் கண்டுபிடித்தார்கள். அறிவிப்புக்கு ஐகானே கொடுக்காமல் விட்டால் சலுகை கிடைக்கும், அறிவிப்பு திரைக்கு வராது. 2013-இல் 4.3 பதிப்பு அந்த ஓட்டையை அடைத்தது. நீ காட்டாவிட்டால் உன் பெயரைப் போட்டு நானே காட்டுகிறேன் என்றது சிஸ்டம்.

இதில் நம் கையில் என்ன இருந்தது? 2012-இல், 4.1 பதிப்பில், ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு டிக் பெட்டி நமக்குக் கிடைத்தது. டிக்கை எடுத்தால் அந்த ஆப்பின் அறிவிப்பு மொத்தமும் போச்சு, வேண்டியதும் சேர்ந்து. 2017-இல் 8.0, அதாவது ஓரியோ, இதைச் சரிசெய்தது: ஒரே ஆப்பின் அறிவிப்புகளை வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே அணைக்கலாம். என்னைக் கேட்டால், இந்த வரலாற்றிலேயே பெரிய முன்னேற்றம் இதுதான். எத்தனை பேர் அந்த செட்டிங்ஸைத் திறந்து பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஆனால் ஓரியோ இன்னொரு கையால் ஒரு தொல்லையையும் கொடுத்தது. இந்த ஆப் பின்னணியில் இயங்குகிறது என்று சிஸ்டமே ஒரு பட்டையை வைத்துவிடும், லேசில் போகாது. நான் தெரிந்தே போட்ட ஆப் ஓடுவதை எனக்கே ஏன் ஓயாமல் சொல்ல வேண்டும் என்று கடுப்பானவர்கள் ஏராளம். அதே ஓரியோவில் அறிவிப்பைக் கொஞ்ச நேரம் ஒத்திவைக்கும் ஸ்னூஸ் வசதி வந்திருந்தது. அதை வைத்தே சிஸ்டத்தின் பட்டையை நெடுங்காலத்துக்கு ஒத்திவைக்கிற சின்ன ஆப்கள் முளைத்தன. அந்த வருடக் கடைசியிலேயே, 8.1-இல், கூகுள் இறங்கிவந்து அணைக்கும் பொத்தானைக் கொடுத்தது.

உண்மையான தீர்வு 2022-இல் ஆண்ட்ராய்டு 13 உடன்தான் வந்தது. ஆப்பிள் முதல் நாளிலிருந்து கேட்ட அந்த அனுமதியை ஆண்ட்ராய்டும் ஒருவழியாகக் கேட்கத் தொடங்கியது. அதைவிட முக்கியம், தெரிந்துகொள்வதையும் தொந்தரவையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். அந்தப் பிடிவாதமான பட்டையை இப்போது தள்ளிவிடலாம். ஆனால் எந்தெந்த ஆப் பின்னால் ஓடுகிறது என்ற பட்டியல் வேறொரு இடத்தில், நிறுத்தும் பொத்தானோடு எப்போதும் இருக்கும். 2023-இல் ஆண்ட்ராய்டு 14 மீதமிருந்த நிரந்தர அறிவிப்புகளில் பெரும்பாலானவற்றையும் தள்ளக்கூடியதாக்கியது. நடந்துகொண்டிருக்கும் அழைப்பு போல சில விலக்குகள் உண்டு. திரை பூட்டியிருந்தால் போகாது, ‘எல்லாவற்றையும் அழி’ என்றாலும் போகாது. ஒவ்வொன்றாகத்தான் தள்ள வேண்டும்.

இதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. பட்டையைத் தள்ளினால் ஆப் நின்றுவிட்டது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அது நிற்பதில்லை, கண்ணில் படாமல் ஓடுகிறது, அவ்வளவுதான். பிள்ளைகளைப் பெற்றோர் கண்காணிப்பதற்கான ஆப்கள் இருக்கின்றன அல்லவா? அவை ஓடும்வரை நிரந்தர அறிவிப்பைக் காட்டியே ஆக வேண்டும் என்பது கூகுள் பிளே விதி. அதே வகை ஆப்பை மனைவிக்கோ காதலிக்கோ தெரியாமல் அவர்கள் போனில் போட்டுவிடுகிற ஆட்களும் இருப்பதால் வந்த விதி அது. போனை இரண்டு நிமிடம் கையில் வாங்குகிற அந்த ஆளால் பட்டையையும் தள்ளிவிட முடியும். போனுக்குச் சொந்தக்காரரின் விரல் எது என்று ஆண்ட்ராய்டுக்கு எப்படித் தெரியும்?

ஆகவே அந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். திரையை மேலிருந்து இரண்டு முறை இழுங்கள். கீழே, இத்தனை ஆப்கள் இயங்குகின்றன என்று சின்னதாக ஒரு வரி இருக்கும். சில கம்பெனி போன்களில் இடம் கொஞ்சம் மாறலாம். அதைத் தொட்டால் பெயர்கள் வரும். தெரியாத பெயர் ஏதாவது இருந்தால், முதலில் நிறுத்துங்கள், பிறகு அது எப்படி வந்தது என்று விசாரியுங்கள்.