பயிற்றுநரும் அணியும்



ஓர் அணியின் வெற்றியில் பயிற்றுநரின் பங்கு எவ்வளவு? ஐதராபாத்துப் பள்ளியாசிரியர் சையத் அப்துல் ரகீமின் வரலாறு இதற்கு விடை பகரும். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுகளில் அவர் பயிற்றிய இந்தியக் கால்பந்து அணி, முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2–0 எனத் தோற்றது. ரகீம் மனந்தளரவில்லை. தலையில் காயமுற்ற தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்வரிசையில் நிறுத்தினார். இறுதியாட்டத்தில் பி.கே. பானர்ஜியும் ஜர்னைலும் ஆளுக்கொரு கோல் அடிக்க, அதே தென் கொரியாவை 2–1 என வென்று தங்கம் பெற்றோம். 1963இல் ரகீம் மறைந்தார். அதன்பின் ஆசிய விளையாட்டுகளில் நம் கால்பந்து அணி தங்கம் பெறவேயில்லை.

ஆயினும், 1960 ரோம் ஒலிம்பிக்கில் அதே ரகீம் இருந்தும் நம் அணி முதற்சுற்றைத் தாண்டவில்லை. பயிற்றுநர் ஆற்றலைப் படைப்பதில்லை; அதற்குரிய இடத்தைக் கண்டு தருகிறார். ஓடவேண்டிய கால்கள் வீரனுடையவை.

ஓசூர், கிருஷ்ணகிரி ஆலை வாயில்களில் ஒப்பந்தக் கூலிக்கு நிற்கும் நம் பிள்ளைகளிடம் ஆற்றலுக்குப் பஞ்சமில்லை. ‘இவன் இதற்குத்தான்’ என்று ஊர் வகுத்த இடத்திலிருந்து அவர்களைப் பெயர்த்து, உரிய இடத்தில் நிறுத்தும் ஆசிரியர்களே தேவை. வெள்ளிவிழாக் காணும் நம் சங்கத்தில் கற்றுயர்ந்தோரே, மாலைதோறும் ஒரு மணி நேரம் தாருங்கள். இளைஞர்களே, நீங்கள் ஓடுங்கள்!