உறங்காத தாய்மார்



இரவு ஷிப்டு முடிந்து வருபவர் பகலில் உறங்கவேண்டுமென்று நம் குடியிருப்பில் குழந்தைகளின் வாயை அடக்குகிறோம். நன்று. அவருக்குக் கதவு திறக்க விழித்து, குழாயில் தண்ணீர் வருமுன் எழுந்து குடம் நிரப்பும் அம்மையாரின் உறக்கத்திற்கு யார் காவல்? "வயதானால் அப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறோம், அவரும் நம்பிவிடுகிறார்.

உறக்கமின்மை ஆடவரைவிடப் பெண்டிரிடமே மிகுதி. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் நள்ளிரவில் உடல் திடீரெனக் கனன்று, வியர்த்து, விழிப்பு வந்துவிடும். வேறு சிலருக்குப் படுத்தவுடன் கால்களில் இனந்தெரியாத தவிப்பு. எழுந்து நடந்தால் தணியும். இதற்கு இரும்புச்சத்துக் குறைவு ஒரு காரணம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்டிரில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்ததென்றால், இரத்தப் பரிசோதனையை எங்ஙனம் தள்ளிப்போடுவது?

மாலைக் காபியைக் குறை கூறினால் நம்மவர் கோபிப்பர். ஆயினும் அதிலுள்ள காபீனில் ஏறத்தாழப் பாதி, 5 மணி நேரம் கழித்தும் உடலில் தங்கியிருக்கும்.

வாரத்தில் 3 இரவுகளாக 3 மாதம் உறக்கம் கெட்டால் அது நோயே, மருத்துவரை நாடவேண்டும். அடுத்த வீட்டு மாத்திரையை வாங்கி விழுங்கலாகாது. மாத்திரைக்கு முன்னர் மனத்தையும் படுக்கைப் பழக்கத்தையும் திருத்தும் பயிற்சியையே 2016-இல் அமெரிக்க மருத்துவர் கழகம் பரிந்துரைத்தது. புரண்டுகொண்டிராமல் எழுந்து அமர்ந்து, கண் சொக்கியபின் படுப்பதும், நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுவதும் அதில் அடங்கும்.

இரவு ஷிப்டு இல்லாத வாரங்களிலேனும் ஆடவராகிய நாம் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குச் செல்வோம்.