அவதூறுக்கு மருந்து சிறைதானா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற விடுமுறையில், ஹட்டனுக்கு அண்மையிலுள்ள எங்கள் தோட்டத்தில் ஒரு பெண்ணைப் பற்றிய பொய்ச்செய்தி கைத்தொலைபேசிகளிற் பரவிற்று. காலையில் ஒருவன் அனுப்பியது, கொழுந்து நிறுக்கும் நேரத்திற்குள் எல்லா லயங்களையும் எட்டிவிட்டது. இரண்டு வாரம் அவள் மலைக்குப் போகவில்லை. “அவனைப் பிடித்து ஐந்து வருஷம் உள்ளே போடவேண்டும்” என்று பெரியவர்கள் பலர் கூறினர். அக்கோபம் நியாயமானதே. ஆயினும் அதன் முடிவையும் நாம் சிந்திக்கவேண்டும்.

நம் நாட்டில் அவதூறைக் குற்றமாகக் கொண்ட தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவுகள் 2002ஆம் ஆண்டில் நீக்கப்பட்டன. சிவில் நீதிமன்றத்தில் நட்டஈடு கோரும் வழி எஞ்சி நின்றது. பின்னர், 2024 ஜனவரி 24ஆந் திகதி நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் 108க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறிற்று. தீங்கு விளைக்கும் பொய்யுரைகளை இணையத்திற் பரப்புவோருக்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்க அது இடமளித்தது.

இத்தகைய சட்டம் யார்மேற் பாயும்? இந்தியாவைப் பாருங்கள். 2012இல் மகாராஷ்டிரத்துப் பால்கர் நகரில், கடையடைப்பைக் குறித்து முகநூலில் எழுதிய இளம்பெண்ணும், அதற்கு விருப்பம் தெரிவித்த தோழியும் கைதாயினர். அவர்கள் எவர்மீதும் பழி சுமத்தியவர்களல்லர். அதற்குதவிய 66ஏ பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்தது.

நம் தோட்டத்துத் தொழிலாளி ஒருவர், தராசில் நிறை குறைகிறதென்று எழுதினால், அது பொய்யென்று முறையிட வல்லவர் யார்? சட்டத்தரணியை அமர்த்தப் பணமுள்ளவர் யார்? அவதூறுக்கென்று கூர்தீட்டிய கத்தி ஏழையின் முறைப்பாட்டையும் வெட்டிவிடும்.

அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு என்ன வழி? பொய்யை உடனே அகற்றுதல், பரவிய இடத்திலேயே மறுப்பும் மன்னிப்பும் வெளியிடச் செய்தல், செலவின்றி நட்டஈட்டு வழக்குத் தொடரச் சட்ட உதவி கொடுத்தல்: இவையே அவளுக்கு வேண்டியவை.

எங்கள் தோட்டத்தில் அனுப்பியவனைத் தேடிக் கண்டு, கோயிலடிக்கு அழைத்து வந்தனர். தான் சொன்னது பொய்யென்று அவன் எல்லார் முன்னும் ஒப்புக்கொண்டான். மறுநாட் காலை அவள் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள்.

ஆனால், அச்செய்தியைக் கைமாற்றிய எங்களில் ஒருவரும் அன்று கோயிலடியில் முன்வரவில்லை. புறங்கூறாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரை மிஷன் பாடசாலையிற் படித்த நானும் அவ்வாறே நின்றேன். இளைஞர்களே, அனுப்புமுன் ஒருகணம் நில்லுங்கள். அந்தக் காவலை எந்தச் சட்டமும் நமக்காகச் செய்யாது.