தென்கரை தந்த குரல்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் இருப்புப்பாதையில், கொடைரோட்டைக் கடந்து சென்றால் சோழவந்தான் வரும். அதனை அடுத்து வைகையின் மறுகரையில் உள்ள ஊர் தென்கரை. 1924ஆம் ஆண்டில் அங்கே பிறந்தவர் டி. ஆர். மகாலிங்கம். எங்கள் அகரத்தில் முத்தாலம்மன் திருவிழா வந்துவிட்டால், ஒலிபெருக்கியில் அவர் குரல் வயல்வெளி கடந்து ஒலிக்கும். அதைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

பள்ளியில் இருக்கவேண்டிய பருவத்திலேயே அவர் நாடக மேடை ஏறினார். எஸ். ஜி. கிட்டப்பாவின் அடியொற்றி, உச்சத்தில் தங்குதடையின்றி உலவும் குரல் அவருடையது. 1938இல் 'நந்தகுமார்' என்னும் படத்தில் கண்ணனாகத் தோன்றினார். ஒருவர் பாட மற்றொருவர் வாயசைக்கும் முறையைத் தமிழில் முதன்முதலாகக் கையாண்ட படங்களுள் அதுவும் ஒன்று. அப்படத்தில் அறிமுகமான இவரோ, பிற்காலத்தில் இரவல் குரலே வழக்கமாகிவிட்டபோதும், தம் குரலிலேயே பாடி நடித்தார் என்பது வியப்பன்றோ!

1945இல் 'ஸ்ரீவள்ளி', 1947இல் 'நாம் இருவர்' ஆகிய படங்கள் அவரைப் புகழின் உச்சியில் ஏற்றின. பின்னர் 'மச்சரேகை', 'சின்னதுரை' முதலிய படங்களைத் தாமே எடுத்தார். ஈட்டிய பொருள் கரைந்தது, கடன் சூழ்ந்தது. 1958இல் கவிஞர் கண்ணதாசன் எடுத்த 'மாலையிட்ட மங்கை' அவரை மீண்டும் மக்கள்முன் நிறுத்தியது.

1965இல் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தைச் சிறுவனாக இருந்தபோது கொட்டகையில் மணல்மீது அமர்ந்து பார்த்தேன். செருக்குடன் வந்த ஏமநாதனை எதிர்கொள்ள அஞ்சி, ஏழைப் பாணபத்திரர் இறைவனிடம் முறையிடுகிறார். பாணபத்திரராக நின்றவர் மகாலிங்கம். வாழ்ந்து தாழ்ந்தவரின் முறையீடு அது என்பது பின்னாளில்தான் எனக்கு விளங்கிற்று.

நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், நாடகத்தில் பாடுவதற்காக வகுப்புக்கு வாராதிருந்த மாணவன் ஒருவனை அழைத்து, "பாட்டு சோறு போடுமா?" என்று கடிந்துகொண்டேன். அவன் பாட்டை விட்டான். படிப்பும் அவனுக்கு ஏறவில்லை. மகாலிங்கத்துக்குப் பாட்டு சோறு போட்டது. அதனினும் மேலாக, பொருளெல்லாம் போன நாளில் அவரை விட்டுப் போகாமல் உடன் நின்றது. அந்த மாணவனிடமிருந்து நான் பறித்தது அத்துணையை அல்லவா?

1978இல் மகாலிங்கம் மறைந்தார். இன்றும் திருவிழா நாளில் அக்குரல் காதில் விழும்போது, இசைத்தட்டில் பாடுபவரோடு, பாடாமற்போன அந்தச் சிறுவனையும் நினைத்துக்கொள்கிறேன். ஆசிரியப் பணியிலுள்ள இளைஞர்களே, பாடுகிற பிள்ளையைப் பாடவிடுங்கள். பாடத்தை மறுநாள் சொல்லிக் கொடுக்கலாம்.