பாறைக் குட்டையும் புத்தக அலமாரியும்

கட்டுப்பாடு மிகுந்த சமயக் குழு ஒன்றில் பிறந்து வளர்ந்தவர் அதனை விட்டு வெளியே வந்தபின் எவ்வாறு வாழ்கிறார்? இலக்கியம் பெரும்பாலும் வெளியேறும் நாளோடு கதையை முடித்துக்கொள்கிறது. வாக்குவாதம், பெற்றோரின் கண்ணீர், அடைக்கப்பட்ட கதவு ஆகியவற்றை அது விரிவாக எழுதும். ஆனால் மறுநாளும் பொழுது விடிகிறது. அதுவரை வேளைக்கு வேளை பிறரால் வகுக்கப்பட்டிருந்த நாள், இப்போது வகுப்பார் இன்றி எதிரே கிடக்கிறது. அதை எதைக்கொண்டு நிரப்புவது என்பதே வெளியேறியவரின் உண்மையான வினா. அவ்வினாவுக்கு ஒரு முழு வாழ்நாளையே விடையாக அளித்தவர் ஆங்கிலத் திறனாய்வாளரும் கவிஞருமான எட்மண்ட் காஸ். 1849 முதல் 1928 வரை வாழ்ந்த அவர் எழுதிய நூல்கள் பல. அவற்றுள் இன்றும் படிக்கப்படுவது, 1907இல் பெயர் குறிப்பிடாமல் அவர் வெளியிட்ட 'தந்தையும் மகனும்' என்னும் தன்வரலாறே ஆகும்.

அவர் பிறந்தது பிளிமத் சகோதரர் எனப்படும் கிறித்தவப் பிரிவைச் சார்ந்த இல்லத்தில். அப்பிரிவு 1820களின் இறுதியில் அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் உருவானது. குருமார் என ஒரு தனி வகுப்பை அது ஏற்பதில்லை. வேதத்தின் சொல்லே போதும் என்பது அதன் கொள்கை. ஆண்டவரின் இரண்டாம் வருகை எந்நாளிலும் நிகழலாம் என்பது அதன் எதிர்பார்ப்பு. தமிழ்நாட்டுக்கும் இப்பிரிவு புதிதன்று. அதன் தொடக்ககாலத் தலைவர்களுள் ஒருவரான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தார். அவருடைய தாக்கத்தைப் பெற்ற தமிழர் ஜான் கிறிஸ்தியன் அருளப்பன் தென்தமிழ்நாட்டில் பணி செய்தார்.

எட்மண்டின் தந்தை பிலிப் ஹென்றி காஸ் புகழ்பெற்ற உயிரியல் அறிஞர். கடல்வாழ் உயிரினங்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் வழக்கத்தை இங்கிலாந்தில் பரப்பியவர்களுள் முதன்மையானவர். மகன் பிறந்த அன்று, பிறப்புச் செய்தியையும் ஜமைக்காவிலிருந்து ஒரு பச்சைத் தகைவிலான் வந்து சேர்ந்த செய்தியையும் நாட்குறிப்பில் அடுத்தடுத்து எழுதிவைத்தவர் அவர். தாய் எமிலி சமயத் துண்டு வெளியீடுகளை எழுதியவர். சிறுமியாக இருந்தபோது கதை புனைவதில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். அது பாவம் என்று ஓர் ஆசிரியை சொன்னதைக் கேட்டு அவ்விருப்பத்தை வாழ்நாள் முழுவதும் அடக்கிவைத்தார். ஆகவே அந்த வீட்டில் கதைப் புத்தகம் என ஒன்றும் இல்லை. தேவதைக் கதை இல்லை. கடற்கொள்ளையர் கதை இல்லை. நடவாத ஒன்றை நடந்ததுபோலச் சொல்வது பொய்யே என்பது தாயின் உறுதி.

ஆயினும் குழந்தையின் அறிவுவேட்கைக்கு வழி அடைபடவில்லை. மாடி அறையில் கிடந்த ஒரு பழைய பெட்டியின் மூடியில், உட்புறமாக ஒரு பரபரப்பு நாவலின் தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. சிறுவன் தரையில் மண்டியிட்டு அவற்றைப் படித்தான். கற்பனை என ஒன்று உண்டு என்பதையே அறியாத அவன், அத்தனையும் நடந்தவை என்றே நம்பினான். தாள் கிழிந்திருந்த இடத்தோடு கதை அறுந்துபோனது. இன்னொரு நாள் அவன் ஒரு சோதனையும் செய்தான். மரத்தையும் கல்லையும் வணங்கினால் கடவுள் சினம் கொள்வார் என்று தந்தை சொல்லியிருந்தார். அது மெய்தானா என்று அறிய, ஒரு நாற்காலியை வைத்து அதனை முறைப்படி வணங்கினான். அச்சத்தோடு காத்திருந்தான். வானம் இடியவில்லை, தெருவின் ஓசை எப்போதும்போலக் கேட்டது. தந்தை ஆய்வுக்கூடத்தில் செய்வதையே மகன் தன் வழியில் செய்துபார்த்தான் எனலாம்.

1857ஆம் ஆண்டு அக்குடும்பத்திற்குக் கொடிய ஆண்டாக அமைந்தது. அதன் பிப்ரவரியில் எமிலி மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டில் பிலிப் காஸ் 'ஆம்பலோஸ்' என்ற நூலை வெளியிட்டார். பாறைகளில் காணப்படும் பழமைச் சுவடுகளும் புதைபடிவங்களும், உலகம் படைக்கப்பட்டபோதே பழமைத் தோற்றத்துடன் சேர்த்துப் படைக்கப்பட்டவை என்பது அதன் வாதம். வேதத்தையும் நிலவியலையும் ஒருங்கே காக்க எழுந்த அந்நூலை அறிவியலாரும் ஏற்கவில்லை, சமயத்தாரும் ஏற்கவில்லை. அவ்வாண்டிலேயே தந்தை, எட்டு வயது மகனுடன் டெவன்ஷயர்க் கடற்கரையில் குடியேறியிருந்தார்.

அங்கே இருவகை வாழ்வு அருகருகே நடந்தது. வேலை நாள்களில் தந்தையும் மகனும் அலை வடிந்த நேரத்தில் பாறைக் குட்டைகளின் ஓரம் குனிந்து நின்றார்கள். கடற்பாசியை மெல்ல விலக்கி, அதன் அடியில் விரிந்திருக்கும் கடற்சாமந்திகளைப் பார்த்தார்கள். பெயர், நிறம், இதழின் எண்ணிக்கை என ஒவ்வொன்றையும் உற்று நோக்கி எழுத வேண்டும், தோராயம் கூடாது. 1859இல் அதுவரை விவரிக்கப்படாத ஒரு கடற்சாமந்தி வகையைச் சிறுவனே கண்டெடுத்தான். தந்தை தம் பெருநூலில் அதனைச் சேர்த்தார். தந்தையின் நூல்களைப் போலவே படமும் விளக்கமும் கொண்ட சிறு ஏடுகளை மகனும் எழுதினான். அவற்றில் வரைந்த உயிரினங்களுள் சில எக்கடலிலும் இல்லாதவை. கதை மறுக்கப்பட்ட கை, அறிவியல் ஏட்டின் ஓரத்தில் கதை எழுதிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமையோ வேறு உலகம். அன்று வரைதல் கூடாது. மாதிரி உயிரினத்தை எடுத்துப் பார்த்தலும் கூடாது. சமய நூல் அன்றி வேறு நூலைத் திறத்தல் ஆகாது. வழிபாட்டுக் கூடத்திற்குச் செல்வதும் வருவதுமாகப் பகல் கழியும். 1857ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பணிப்பெண்கள் மறைவாகக் கொடுத்த ஒரு துண்டு இனிப்புப் பண்டத்தைச் சிறுவன் தின்றுவிட்டு, மனம் உறுத்தித் தந்தையிடம் ஒப்புக்கொண்டான். பண்டிகை கொண்டாடுவதே விக்கிரக வழிபாடு என்று கருதிய தந்தை, எஞ்சியிருந்த பண்டத்தைத் தூக்கிச் சென்று குப்பைச் சாம்பலில் எறிந்தார். பத்து வயதிலேயே அச்சிறுவன் ஞானமுழுக்குப் பெற்று, பெரியவர்களுக்கு நிகரான உறுப்பினனாகச் சபையில் ஏற்கப்பட்டான். அவ்வளவு இளம் வயதில் அத்தகைய பெருமையைத் தாங்குவது எத்தகைய தனிமை என்பதை அவர் பின்னாளில் எழுதினார்.

கவிஞர்கள் கூடியுள்ள இந்த அவையில் ஒரு செய்தியைச் சிறப்பாகக் குறிப்பிடல் தகும். ஒரு நாள் தந்தை, தாம் இளமையில் பயின்ற வெர்ஜிலின் லத்தீன் வரிகளை வாய்விட்டுப் படித்தார். மகனுக்குப் பொருள் விளங்கவில்லை. ஓசை மட்டுமே கேட்டது. அந்த ஓசை அவனை ஆட்கொண்டது. புரியாத அடிகளை மனனம் செய்து தனியே சொல்லிச் சொல்லி மகிழ்ந்தான். கதையைத் தடுத்த வீட்டில், தடுப்பவரின் வாய்வழியாகவே கவிதை நுழைந்தது. தாம் திறந்துவிட்ட கதவு எது என்பதைத் தந்தை அறிந்திருக்கவில்லை.

நம்பிக்கை உடைந்தது பேரோசையோடு அன்று. பள்ளியின் இறுதிக் காலத்தில் ஒரு கோடைப் பிற்பகல், சன்னலருகே தனித்திருந்த இளைஞர், ஆண்டவர் இக்கணமே வந்து தம்மை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று உருகி வேண்டினார். காத்திருந்தார். ஒளி மங்கியது. வெளியே சென்றிருந்த மாணவர்கள் பேசிக்கொண்டே திரும்பினார்கள். தேநீர் மணி அடித்தது. அவ்வளவே. அன்று முதல் தந்தையின் உலகமும் மகனின் உலகமும் பிரியத் தொடங்கின.

1867இல் அவர் லண்டன் சென்று பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் பணியில் அமர்ந்தார். ஒரு பெட்டி மூடியின் தாளைத் தவிர வேறு கதை அறியாதிருந்த சிறுவன், நாட்டின் மிகப் பெரிய நூற்களஞ்சியத்தில் ஊழியரானார். தந்தையின் கடிதங்கள் இடைவிடாமல் வந்தன. ஆன்மாவின் நிலை என்ன, வேதம் படிக்கப்படுகிறதா, தீய நட்பு உண்டா என்று அவை கேட்டன. அக்கடிதங்களுக்கு விடை எழுதுவதே நாளின் சுமையாயிற்று. இருபத்தொன்றாம் வயதில் தன் உள்ளத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமையை அவர் கோரினார் என்பதோடு 'தந்தையும் மகனும்' முடிகிறது. அவ்வுரிமையைக் கொண்டு அவர் செய்தது என்ன என்பதை அதற்கு வெளியேதான் தேட வேண்டும்.

1871இல் நார்வேக்குச் சென்ற அவர், டிரான்ட்ஹெய்ம் நகரின் புத்தகக் கடையில் ஒரு கவிதைத் தொகுதியை வாங்கினார். அதன் ஆசிரியர் இப்சன். அப்பெயரை இங்கிலாந்து அன்று அறியாது. எட்மண்ட் அம்மொழியை முயன்று கற்று, 1872இல் அந்நூலைப் பற்றி எழுதினார். ஆங்கில வாசகருக்கு இப்சன் அறிமுகமானது அவ்வாறே. 1891இல் 'ஹெடா காப்ளர்' நாடகத்தையும் மொழிபெயர்த்தார். யாரும் குனிந்து பாராத குட்டையில் குனிந்து பார்ப்பது, கண்டதற்குப் பெயரிட்டு ஊரறியச் செய்வது என்னும் அந்தப் பழக்கம் எங்கே கற்றது? தந்தையோடு நின்ற டெவன்ஷயர்க் கடற்கரையில் கற்றது. விட்டு வந்த வீட்டின் கொள்கையை அவர் கொணரவில்லை. அதன் கண்ணைக் கொணர்ந்தார்.

அதே கண் இந்தியக் கவிதையையும் கண்டது. 1876இல் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் மதிப்புரைக்கென அவர் கையில் ஒரு நூல் தரப்பட்டது. கல்கத்தாவின் பவானிபூரில் மட்டமான தாளில் அச்சான, முன்னுரையும் அற்ற மெல்லிய நூல் அது. எவரும் ஒதுக்கிவிடத் தக்க தோற்றம். பிரெஞ்சுக் கவிதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பான அதனை இயற்றியவர் தோரு தத் என்னும் இளம்பெண். எட்மண்ட் அதனைப் படித்தார், வியந்தார், பாராட்டி எழுதினார். மறு ஆண்டு ஆகஸ்டில் தோரு தத் இருபத்தொரு வயதில் இறந்தார். இந்தியத் தொன்மக் கதைகளைப் பாடிய அவருடைய கவிதைகள் 1882இல் லண்டனில் வெளிவந்தபோது அறிமுக உரை எழுதியவர் எட்மண்டே.

1895இல் பதினாறு வயதில் இங்கிலாந்து சென்ற சரோஜினி, பின்னாளில் சரோஜினி நாயுடு, தம் கவிதைகளை அவரிடம் காட்டினார். அவற்றில் ஆங்கிலப் பறவைகளும் ஆங்கில நிலக்காட்சியும் நிறைந்திருந்தன. அவற்றை விடுத்து, சொந்த நாட்டின் மலரையும் மக்களையும் பாடுமாறு அவர் அறிவுரை கூறினார். 1905இல் வெளியான தம் முதல் தொகுதியைச் சரோஜினி அவருக்கே உரிமையாக்கினார். 1912இல் வந்த அடுத்த தொகுதிக்கு அவரே முன்னுரை எழுதினார். பிறர் வகுத்த சொற்களிலேயே இளமை முழுதும் பேச நேர்ந்த ஒருவர், இன்னொருவர் இரவல் குரலில் பாடுவதைக் கேட்டவுடன் இனங்கண்டுகொண்டார் என்பது பொருத்தமே.

ஞாயிற்றுக்கிழமை என்ன ஆயிற்று என்று கேட்கலாம். 1875இல் ஓவியரான எல்லன் எப்ஸை மணந்து இல்லறம் தொடங்கிய அவர், டெலமியர் டெரஸ் வீட்டின் கதவை ஞாயிறுதோறும் நண்பர்களுக்குத் திறந்துவைத்தார். எழுத்தாளரும் ஓவியரும் வந்தனர். தேநீரும் உரையாடலுமாகப் பொழுது கழிந்தது. அரிய நூல்களைத் தேடிச் சேர்ப்பது அவருடைய தீராத விருப்பம். அவருடைய சொந்த நூலகத்திற்கு ஓர் அச்சிட்ட பட்டியலே வெளிவந்தது. 1919 முதல் இறக்கும்வரை 'சண்டே டைம்ஸ்' இதழில் வாரந்தோறும் நூல்களைப் பற்றி எழுதினார். சமய நூல் அன்றி வேறு நூலைத் திறக்கலாகாது என்றிருந்த அதே நாளில், பல்லாயிரம் வீடுகளில் அவர் எழுத்தால் நூல்கள் திறக்கப்பட்டன.

இவ்வாழ்வைக் குறையற்ற வெற்றியாகக் காட்டுதல் நேர்மை ஆகாது. பல்கலைக்கழகம் செல்லாமல் தாமே கற்றவர் அவர். கேம்பிரிட்ஜில் ஆற்றிய சொற்பொழிவுகளை 1885இல் நூலாக்கியபோது பிழைகள் மலிந்திருந்தன. மறு ஆண்டு சர்ட்டன் காலின்ஸ் என்ற திறனாய்வாளர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார். பாறைக் குட்டையில் தோராயம் கூடாது என்று தந்தை கற்பித்த பாடம் அங்கே தவறிவிட்டது. பசித்தவர் விரைந்து உண்பார் என்பது விளக்கமாகலாம், பிழை பிழையே. தந்தையைப் பற்றிய சித்திரமும் முழுமையானது அன்று. 2002இல் ஆன் த்வெய்ட் எழுதிய பிலிப் காஸின் வரலாறு, மகன் வரைந்ததைவிடக் கனிந்த மனிதரைக் காட்டுகிறது. பிரிந்து வந்தவர் எழுதும் வரலாற்றில் பிரிவின் வலியும் ஒரு கை எழுதும்.

தந்தைக்கும் ஒரு துயரம் இருந்தது. அவருடைய நூல்களைப் படித்து ஆர்வம் கொண்ட மக்கள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்கு வந்து குட்டைகளைச் சூறையாடினர். பல்லாண்டு தீண்டப்படாதிருந்த அழகு சில ஆண்டுகளில் அழிந்தது. அறியும் ஆர்வத்திற்கும் ஒரு பணிவு வேண்டும் என்பதை அந்த வெற்றுப் பாறைகள் சொல்லின.

விட்டு விலகுதல் ஒரு நாளில் முடியும். விலகியபின் உலகின்மேல் அன்பு கொள்வதற்கு ஆண்டுகள் வேண்டும். அதற்குப் புத்தகம் வேண்டும், புதுமொழி வேண்டும், ஞாயிற்றுக்கிழமையில் கதவைத் தட்டும் நண்பர் வேண்டும். எட்மண்டுக்கு அவை வாய்த்தன, எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. எதை நம்புகிறாய் என்று கேளாமல், எதைப் படித்தாய் என்று கேட்டு ஒருவரை உள்ளே அமர்த்தும் இடங்கள் எந்நகரிலும் அரியவை. பத்தாண்டுகளாக அத்தகைய ஓர் இடத்தைக் காத்துவரும் இலக்கிய வட்டம், தன் இருக்கைகளுள் ஒன்றை அப்படி வருபவருக்கென என்றும் ஒழித்துவைக்குமாக.