கல்லுக்கும் பக்குவம் உண்டு

டெங்கிலில் உள்ள எங்கள் தோட்டப் பள்ளியின் அறிவியல் மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. நூறு லிட்டர் கொள்ளும். பெற்றோர்கள் ஆளுக்கு ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று போட்டு வாங்கித் தந்தது. ஆண்டுக்கு ஒரு முறை கடலைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு, வகுப்பிலேயே கொஞ்சம் கடலைக் காட்ட நாங்கள் ஆசைப்பட்டோம். உப்பைக் கரைத்தோம், கிடைத்த கற்களை அடுக்கினோம், மறுநாளே இரண்டு கோமாளி மீன்களை விட்டோம். ஐந்தாம் நாள் காலையில் தண்ணீர் கலங்கி நாற்றம் வீசியது. மீன்கள் இரண்டும் செத்து மிதந்தன. பிள்ளைகள் அழுதுவிட்டார்கள்.

தவறு மீனிடத்திலும் இல்லை, உப்பிடத்திலும் இல்லை. கல்லைத் தேர்ந்தெடுத்ததிலும் எங்கள் அவசரத்திலும்தான் இருந்தது. அதே தவறை நேயர்கள் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இன்று பேசுகிறோம்.

கடல்நீர்த் தொட்டியில் கல் எதற்கு? அழகுக்கு மட்டுமல்ல. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை நைட்ரைட்டை, அத்தனை கொடுமையில்லாத நைட்ரேட்டாக மாற்றுகிறது. கல்லில் உள்ள சிறு துளைகளே இந்த நுண்ணுயிர்களுக்கு லயத்து வீடுகள். வீடு இல்லையேல் குடியிருப்பவரும் இல்லை. மீனுக்குப் பாதுகாப்பும் இல்லை.

இதை முதலில் எடுத்துக் காட்டியவர்களில் ஒருவர் நம் அண்டை நாட்டவர். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறையையும் காற்றுக் குமிழையும் மட்டும் கொண்டு மீன் வளர்க்கலாம் என்று 1961ஆம் ஆண்டு எழுதினார். அப்படியானால் நாமும் கடலுக்குப் போய்ப் பாறையைப் பெயர்த்து வரலாமா? கூடாது.

தமிழ்நாட்டின் மன்னார் வளைகுடாவைப் பாருங்கள். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே அங்கே 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டினார்கள். அலையைத் தடுத்த பாறை போனதும் மண் அரித்தது. இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிப்போயின. 1986இல் அப்பகுதி கடல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001இல் பவளம் இந்திய வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. நம் நாட்டிலும் 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டப்படி, கடல் பூங்காக்களில் அனுமதியின்றிப் பவளம் எடுப்பது குற்றம். ஆகவே போர்ட்டிக்சனுக்குச் சுற்றுலா போகும் பிள்ளைகள் பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டாம். உயிரில்லாத காய்ந்த கல்லை, அதாவது அடிப்பாறையை, மீன் கடையில் வாங்கிக்கொள்வோம். நாம் கல்லைக் கொடுத்தால் போதும். உயிர் அதில் தானே வந்து குடியேறும்.

எந்தக் கல் நல்லது? மூன்று சோதனைகள் சொல்கிறோம்.

முதலாவது, கல்லின் மீது சமையலறை வினிகரைச் சில சொட்டுகள் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்புக் கல். பத்துமலைக் குன்றின் கல்லும் அந்த இனமே. பொங்காத ஆற்றுக் கூழாங்கல் கடல்நீரைக் கெடுக்காது. ஆனால் வழவழப்பான அதில் நுண்ணுயிருக்கு இடம் குறைவு.

இரண்டாவது, கையில் தூக்கிப் பாருங்கள். பார்வைக்குப் பெரிதாயிருந்து எடை குறைவாக இருந்தால் உள்ளே துளைகள் உண்டு. தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழ்கள் கிளம்பும்.

மூன்றாவது, நிறத்தைப் பாருங்கள். துருப்பிடித்த கோடு, பச்சைக் கறை, உலோக மினுமினுப்பு இருந்தால் ஒதுக்குங்கள். டெங்கில் பக்கம் பழைய ஈயக்குட்டைகள் ஏராளம். அவற்றின் கரையில் பொறுக்கிய கல் ஒன்றும் எங்கள் தொட்டியில் இருந்தது. செம்பு போன்ற உலோகம் சிறிதளவு கரைந்தாலும் இறாலுக்கும் பவளத்துக்கும் நஞ்சாகும்.

நூறு லிட்டருக்குச் சுமார் பத்துக் கிலோ கல் என்பது வழக்கம். துளை மிகுந்த கல்லாயின் இன்னும் குறைவாகவே போதும்.

இனிப் பக்குவம். கல்லைப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். துளைக்குள் செத்த பூச்சியோ பாசியோ இருந்தால் அது அழுகும். எங்கள் மீன்களைக் கொன்றது பெரும்பாலும் அதுதான். பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு குளோராக்ஸ் கலந்து ஒரு நாள் ஊறவைத்து, பலமுறை அலசி, நெடி அறவே போகும்வரை பல நாள் வெயிலில் காயவையுங்கள். இதைப் பெரியவர்கள், கையுறை அணிந்து, வீட்டுக்கு வெளியே செய்ய வேண்டும். குளோராக்ஸுடன் வினிகரை ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். கடலிலிருந்து வந்த கல்லைக் கொதிக்கவும் வைக்காதீர்கள். அதில் ஒட்டிய சில உயிர்களின் நஞ்சு ஆவியோடு கலந்து குடும்பங்களே நோயுற்றதுண்டு.

அடுக்கும்போது கல்லை மணல் மேல் வைக்காமல் தொட்டியின் தளத்திலேயே உறுதியாக அமர்த்தி, பிறகு மணலைப் பரப்புங்கள். மீன் மணலைத் தோண்டினாலும் கல் சரியாது. சுவரை ஒட்டாமல் விட்டால் நீர் சுற்றிவரும்.

கடைசியாக, பொறுமை. பால்மரத் தோட்டத்தில் பிறந்த நமக்கு அது புதிதா? அமிலம் ஊற்றிய உடனே யாரும் பாலை உருளையில் கொடுத்ததில்லை, கட்டியாகும்வரை காத்திருந்தார்கள். கல்லும் அப்படித்தான். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைத்த நீரில் கல்லை வைத்து, நீரைச் சுழலவிட்டு, ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகித் தரும் அம்மோனியாவே நுண்ணுயிரின் முதல் உணவு. நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சோதனைத் திரவத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று தெரிந்த பிறகே மீன் வாங்குங்கள். வற்றும் நீருக்கு ஈடாக, குளோரின் நீக்கிய நன்னீரையே ஊற்றுங்கள், உப்பு ஆவியாவதில்லை.

இரண்டாம் முறை நாங்கள் ஆறு வாரம் காத்திருந்தோம். "ஐயா, தொட்டியில வெறும் கல்லுதானே இருக்கு?" என்று இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தினமும் கேட்டாள். "வீட்டுக்கு ஆள் வந்துகொண்டிருக்கிறது, அம்மா" என்றோம். இப்போது அதே கல்லிடுக்கில் இரண்டு கோமாளி மீன்கள் ஒளிந்து விளையாடுகின்றன. காலையில் தீனி போடுவது அவள் வேலை.